நிறுத்தி நிறுத்திப் பேசிய ஆங்கிலம்

வெளிநாட்டில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பிய வாத்தியாரிடம், அங்கே எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், முதல் பதினோரு வருடங்களை ஒரே வரியில் முடித்துவிடுவார். கடைசி வருடத்துக்கு வந்ததும்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். அந்த வருடம் கைநழுவிப் போக இருந்தது.

அவர் ஆங்கிலத்தில் எம்.ஏ. விமானம் ஏறும்போது அவரிடம் இருந்தது ஜரிகை வைத்த ஆங்கிலம். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், நடுவில் இரண்டு மூன்று இடங்களில் இளைப்பாறிவிட்டுத்தான் வினைச்சொல்லைப் போய்ச் சேருவார். வேலை கிடைத்ததோ, பிழைக்க வந்த பெரியவர்களுக்கு மொழி கற்பிக்கும் மாலை வகுப்பில். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாள், ஒரு லிஃப்ட் மெக்கானிக், ரொட்டிக்கடையில் மாவு பிசைபவர் என்று இருபது பேர். முதல் நாள் அவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தியதும் சலவைக்கூட அம்மாள் கையைத் தூக்கினார். பொருள் கேட்கப்போகிறார் என்று வாத்தியார் மகிழ்ந்தார். வாக்கியம் முடிந்துவிட்டதா என்று மட்டும்தான் அவர் கேட்டார்.

அன்றிலிருந்து வெட்ட ஆரம்பித்தவர்தான். ஆறு வார்த்தைக்கு மேல் வாக்கியம் கிடையாது. காது என்றால் காதைத் தொடுவார், நாளை என்றால் கையை முன்னால் வீசுவார். ஒவ்வொன்றையும் சொல்லி முடித்ததும், “புரிகிறதா? இப்போது நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டு, பதில் வந்ததும் “மிக நன்று” என்பார். மாணவர்கள் தேறிக்கொண்டே போனார்கள். வாத்தியார் தேய்ந்துகொண்டே வந்தார்.

வீட்டிலும் அதே பாடம்தான்.

“என்னங்க, நான் தமிழ் தெரிஞ்சவதான். உப்பு டப்பாவைத் தூக்கிக் காட்டி உப்புன்னு சொல்ல வேண்டாம்” என்பாள் மனைவி.

“அப்பா, நீங்க ஃபோனை எடுத்ததும் ஸ்டேஷன் அறிவிப்புன்னு நினைச்சு என் ஃப்ரெண்ட் கட் பண்ணிட்டா” என்பாள் மகள்.

பதினோராவது வருடக் கடைசியில் ஒப்பந்தம் முடிய இருந்தது. அந்த முறை புதிதாக ஒரு விதி போட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் ஆய்வாளர் வந்து வகுப்பைப் பார்ப்பார், பிறகு ஆசிரியரோடு தனியே பேசுவார். அவருக்குத் திருப்தி என்றால்தான் வேலை நீடிக்கும். வேலை போனால் அந்த நாட்டில் இருக்கும் அனுமதியும் போகும். மகளுக்குப் பள்ளிப் படிப்பு முடிய இன்னும் ஒரே வருடம். பாதியில் கிளம்பினால் இங்கே ஊரில் பாடத்திட்டமே வேறு, இரண்டு வகுப்பு கீழே போய் உட்கார வேண்டும்.

“வகுப்பை நீங்க நடத்திடுவீங்க. அப்புறம் அந்தம்மா தனியா கூப்பிட்டுப் பேசுவாங்களே, அதுதான் எனக்குப் பயம்” என்றாள் மனைவி.

“இங்கிலீஷ்ல எம்.ஏ. படிச்சவனைப் பாத்துப் பேசற பேச்சா இது?”

“படிச்சது தெரியும். நீங்க பேசிக் கேட்டுத்தான் பத்து வருஷம் ஆச்சு.”

ஒரு வாரம், ஷேவ் செய்து முடித்ததும் கண்ணாடி முன்னால் நின்று பழைய நீண்ட வாக்கியங்களை ஒத்திகை பார்த்தார். “நடுவுல மூச்சு விடுங்கப்பா, பயமா இருக்கு” என்றாள் மகள்.

ஆய்வாளர் வந்த அன்று பாடம், மருத்துவரிடம் வலியைச் சொல்வது. வகுப்பு பிரமாதம். லிஃப்ட் மெக்கானிக் முழங்கால் வலியை நடித்த நடிப்பில் ஆய்வாளரே பாதி எழுந்துவிட்டார். பிறகு தனியறையில், கற்பித்தல் பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்டார். வாத்தியார் வாயைத் திறந்தார். ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

“நல்ல கேள்வி. முதலில், கேட்க வேண்டும்.” கை காதுக்குப் போயிற்று. “பிறகு, பேச வேண்டும்.” விரல் உதட்டுக்குப் போயிற்று. அதோடு விட்டிருக்கலாம். “புரிகிறதா? இப்போது நான் என்ன சொன்னேன்?”

ஆய்வாளர் பள்ளியில் நல்ல மாணவியாக இருந்திருக்க வேண்டும். முதலில் கேட்க வேண்டும், பிறகு பேச வேண்டும் என்று அப்படியே ஒப்பித்தார். பிறகுதான் தான் யார் என்பது அவருக்கு நினைவு வந்து முகம் சிவந்தது. அதற்குள் வாத்தியார் “மிக நன்று” என்றும் சொல்லியிருந்தார்.

“வெரி குட் வேறயா?” என்றாள் மனைவி, வீட்டில்.

“தானா வந்துடுச்சு.”

அவள் சிரிக்கவில்லை. மகள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வழக்கமாக நாலு தட்டு தட்டுபவர், அன்று கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. வகுப்பு மிகச் சிறப்பு. சக அலுவலர்களிடம் பேசும் முறை மட்டும் கவலைக்குரியது. ஆகவே, எல்லோருக்கும் தரும் இரண்டு வருடம் இவருக்கு இல்லை, ஒரு வருடம்தான், அதுவும் கடைசி முறை. வாத்தியாருக்கு மானம் போய்விட்டது. நாலு பக்கத்துக்குப் பதில் எழுதப்போவதாகச் சொன்னார்.

“நமக்கு எத்தனை வருஷம் வேணும்?” என்றாள் மனைவி.

“ஒண்ணு.”

“எத்தனை குடுத்திருக்காங்க?”

அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

“அப்ப எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க? கையெழுத்துப் போடுங்க.”

போட்டார். பதினோரு வருடமும் எப்போது ஊருக்குப் போவோம் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம், போகும் தேதி உறுதியானதும் அந்த நாட்டில் குடியேறியது. ஜன்னலுக்கு முதல்முறையாகத் திரைச்சீலை வாங்கினார்கள். எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு நாய் இருப்பதையும் அதற்கு வயதாகிவிட்டதையும் ஒரே நாளில் தெரிந்துகொண்டார்கள். வாத்தியார் யாரையும் திருப்திப்படுத்த வேண்டியிருக்கவில்லை. வகுப்பு முடிந்த பிறகும் மாணவர்களோடு படிக்கட்டில் நின்று, ஆறு ஆறு வார்த்தைகளாக, அவரவர் ஊரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மகளின் கடைசித் தேர்வு அன்று மூவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். வீட்டு நிறுத்தம் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. இந்த பஸ் எங்கேதான் போய் முடிகிறது என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியிருக்கிறது, மூவருக்குமே. முடிந்த இடத்தில் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, ஆளில்லாத மைதானம்.

“இவ்வளவுதானா? இதைப் பாக்கவா பன்னெண்டு வருஷம் ஆச்சு?” என்றாள் மனைவி. சொன்னாளே தவிர, பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டாள். மகள் அவள் மடியில் தலை வைத்துப் படுத்தாள். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தார். அடுத்த பஸ்ஸில் வருகிறோம் என்று வாத்தியார் கையைக் காட்டினார்.