எந்த முறையும் இல்லாத யோசேப்பு

சபைக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பலா மரம் உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்த ஒரு மதியம், அதன் அடியில் நான் யோசேப்புக்கு ஆள் தேடிக்கொண்டு நின்றேன். ஜவ்வாது மலைக்கு இளைஞர் ஊழியராகப் போய்ச் சேர்ந்த முதல் வருஷம் அது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் மரியாள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கடைசிப் பாய்வரை கேட்கிற குரல் ஒரு பெண்ணுக்குத்தான் இருந்தது. பெயர் எதற்கு, இங்கேயும் அவளை மரியாள் என்றே சொல்லிவிடுகிறேன். யோசேப்பாக நிற்க, வாலிபால் ஆடுகிற உயரமான பையன் ஒருவனைக் கை காட்டினேன். தேள் கொட்டினவன் போல அவன் துள்ளிப் பின்னால் போனான்.

"அய்யோ பிரதர், அது எனக்குத் தங்கச்சி!"

அடுத்தவனைக் காட்டினேன். "எனக்குச் சின்னம்மா மொற பிரதர். நான் எப்டி அவங்களுக்குப் புருஷனா நிக்கறது? எங்கப்பா தோல உரிச்சிடுவாரு" என்றான். மூன்றாமவன் வயதில் பெரியவன். அவள் அவனுக்கு மகள் முறை. நான்காமவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். முறைப்பையன். அப்பாடா என்று நான் மூச்சுவிடுவதற்குள், பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் நடுவிலிருந்து அவளுடைய அம்மா எழுந்துவிட்டார்.

"இன்னா பிரதர், வெளயாட்றீங்களா? இன்னிக்கு இவன் நாடகத்துல நின்னான்னா, நாளைக்கே இவங்கூட்டு ஆளுங்க பரிசம் எடுத்துக்கினு எங்க வாசல்ல வந்து நிப்பாங்க. யாரு பதில் சொல்றது?"

முறை தப்பினாலும் நிற்கக் கூடாது, முறை பொருந்தினாலும் நிற்கக் கூடாது. நான் விழிப்பதைப் பார்த்துச் சபை மூப்பர்தான் வழி சொன்னார். "ஏன் இம்மாம் ரோதன? பிரதரே நிக்கட்டும். கீழ்நாட்டு ஆளு. அவருக்குத்தான் இங்க ஒருத்தரோடயும் ஒரு மொறையும் கெடையாது." எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கு அது ஒரு மரியாதையாகத்தான் பட்டது.

மலைக்குக் கீழே, போளூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் கல் அறுத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். சபைதான் என்னைக் கல்லூரிவரை படிக்க வைத்தது. படித்து முடித்ததும் மலைக்கு அனுப்பியது. ஞாயிறு மதியக் கூட்டம், பாட்டு, வேதபாடம் என்று கீழே பயிற்சியில் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். மேலே போன பிறகுதான் தெரிந்தது, இளைஞர் ஊழியத்தில் பாதி நடை என்று. சாமை அறுப்பு வந்தால் கூட்டம் கொல்லைமேட்டில் நடக்கும். புளி உலுக்குகிற மாதத்தில் மரத்தடியில், கையில் கோலோடு நின்றபடியே ஜெபம் பண்ணுவோம். வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் அம்மனைக் கும்பிடுகிறவர்கள். பாட்டுக்காகவும் வாலிபாலுக்காகவும் வந்தார்கள். வரட்டுமே என்று விட்டுவிட்டேன். பையன்கள் ஒவ்வொருவராகக் கேரளத்து எஸ்டேட்டுகளுக்குப் போவார்கள். அங்கிருந்து போன் பண்ணினால் சுகம் விசாரிப்பதற்கு முன்னால், "இந்த வருஷம் நாடகம் உண்டா பிரதர்?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே எனக்கு அவர்கள் எல்லாரையும் பிடிக்கும்.

மலையில் கழுதைக்கு எங்கே போவது? சாம்பல் நிறக் கம்பளி ஒன்றுக்குள் இரண்டு பையன்கள் குனிந்துகொண்டு கழுதையானார்கள். குழந்தையை மட்டும் எப்போதும் நிஜமாக, அந்த வருஷம் பிறந்த ஏதாவது ஒரு பிள்ளையை, யார் வீட்டிலிருந்தாவது வாங்கி வருவோம். பெத்லகேமுக்குப் போகிற வழியில் மரியாள் களைத்து நின்று, "ஏங்க, இனிமே என்னால நடக்க முடியாது" என்று சொல்ல வேண்டும். ஒத்திகை முழுக்க அவள், "பிரதர், இனிமே என்னால நடக்க முடியாது" என்றே சொன்னாள். எவ்வளவு திருத்தியும் வாய் வரவில்லை. நாடகத்தன்று பெரிய மனது பண்ணி, "யோசேப்பு பிரதர்" என்றாள். கூட்டம் உருண்டு சிரித்தது. சபை ஆயர்கூடக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் அந்த "ஏங்க" வந்துவிட்டது. ஒத்திகையில் வராதது, பனி இறங்கிக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, சட்டென்று, இத்தனை நாளாக என்னை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் போல வந்தது. என்னால் அடுத்த வசனத்தைச் சொல்ல முடியவில்லை. கழுதையின் முன்கால்தான் கம்பளிக்குள்ளிருந்து, "பிரதர், சத்திரம், சத்திரம்" என்று எடுத்துக் கொடுத்தது. சத்திரத்தைத் தேடிக்கொண்டு அவளைக் கூட்டிப் போனேன். அதற்குப் பிறகு எனக்கு வருஷம் என்றால் டிசம்பர்தான். மற்ற மாதங்கள் எல்லாம் அதற்குப் போகிற வழி.

அவளை எனக்குக் கட்டிக் கொடுங்கள் என்று அவள் அப்பாவிடம் போய்க் கேட்க வேண்டும். அந்த ஒரு நினைப்பைத்தான் மலையெல்லாம் சுமந்துகொண்டு திரிந்தேன். கேட்க முடியாது என்பதும் தெரியும். ஒரு முறையும் இல்லாதவன் என்பதால்தான் அவள் என்னோடு எல்லார் எதிரிலும் தடையில்லாமல் பேசினாள். கூட்டம் முடிந்து பெண்பிள்ளைகளை அவர்கள் ஊர்வரை கொண்டுவிடப் போனால், "பிரதர்தானே போறாரு" என்று தாய்மார்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எனக்கு வேலியாக நின்றது அந்த நம்பிக்கைதான். முறைப்பையனாக இருந்திருந்தால் அவளோடு பேச விட்டிருக்க மாட்டார்கள், ஆனால் கேட்டிருக்கலாம். நான் பேசலாம், கேட்க முடியாது.

மலையில் எனக்குக் கடைசியாக அமைந்த கிறிஸ்துமஸ். நாடகத்தன்று மதியம், மாட்டுத்தொழுவத்துக்காகச் சாமை வைக்கோலைப் பரப்பிக்கொண்டிருந்தோம். பையன்கள் சற்றுத் தள்ளி நட்சத்திரத்துக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கூட்ல பேசி முடிக்கறாங்க பிரதர். மாமன் மகன் கேரளாலேர்ந்து வந்துட்டாரு" என்றாள்.

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

"நல்ல ஆளுதான். குடிக்கறதில்ல." வைக்கோலை உதறினாள். "நீங்க இன்னாத்துக்கு என் மூஞ்சியப் பாக்காமயே பேசறீங்க?"

நான் இன்னும் கொஞ்சம் வைக்கோலை அள்ளினேன். அவளே சொன்னாள்.

"நீங்க கேட்டீங்கன்னா நான் வந்துருவேன் பிரதர். அதனால கேக்காதீங்க."

அவள் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. "நான் வெளிய கட்டிக்கினு போய்ட்டா எங்கூட்ட ஊரவுட்டுத் தள்ளி வெச்சிடுவாங்க. தம்பிக்கு ஒருத்தரும் பொண்ணு குடுக்க மாட்டாங்க. எங்கப்பா செத்தா எடுக்க ஆளு வராது. அப்புறம் நீங்க ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் யாருக்கு நின்னு பிரசங்கம் பண்ணுவீங்க?"

"கேக்கல" என்றேன்.

"ஸ்தோத்திரம்" என்றாள், கூட்டம் முடிவில் சொல்வது போலவே. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, வைக்கோல் தூசி என்றாள்.

அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் பெத்லகேமுக்கு நடந்தோம். வாங்கி வந்த பிள்ளை நாடகம் முடியும்வரை அழவே இல்லை.

வைகாசியில் அவள் கல்யாணம். மலைக் கல்யாணத்தில் யாரும் சும்மா நிற்க மாட்டார்கள். மாமன் முறைக்கு ஒரு வேலை, பங்காளிக்கு ஒரு வேலை, அக்காள் முறைக்கு ஒன்று. பந்தல் கால் பிடிப்பதற்குக்கூட ஒரு முறை உண்டு. அண்டாவில் கை வைக்கப் போனேன். "நீங்க உக்காருங்க பிரதர்" என்றார்கள். கடைசியில் மூப்பர்தான், "பிரதர் ஜெபம் பண்ணட்டும்" என்று எனக்கும் ஒன்று கொடுத்தார். பண்ணினேன். அவர்கள் வீடு நிறைய வேண்டும், பிள்ளைகள் பிறக்க வேண்டும், நீடூழி வாழ வேண்டும் என்று ஒன்று விடாமல் மனசாரக் கேட்டேன். முடிந்ததும் அவளுடைய அப்பா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நல்ல ஜெபம்ங்க" என்றார்.

அந்த வருஷமே வேலூர் சபைக்கு வந்துவிட்டேன்; வந்து சில வருஷம் ஆகிறது. இங்கேயும் இளைஞர் ஊழியம்தான். மைக், மின்விசிறி எல்லாம் வைத்த மண்டபம். கூட்டம் உண்டா இல்லையா என்பது போனில் குழுவுக்குப் போய்விடும். யாரையும் நடந்துபோய்க் கூப்பிட வேண்டியதில்லை, கொண்டுவிட வேண்டியதும் இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு யோசேப்பு யார், மரியாள் யார் என்று கேட்டேன். இரண்டு பேர் கை தூக்கினார்கள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் இன்னா முறை?" என்று என் வாய் தானாகக் கேட்டுவிட்டது. இருவரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பண்டிகை முடிந்து தை பிறந்த பிறகு, மலைக்குப் போனேன். அவள் தம்பிக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. ஊரே வந்து நின்று நடத்திக்கொடுத்த கல்யாணம். அதற்கு என்னால் போக முடியாததால் இப்போது வந்தேன் என்று சொல்லிக்கொண்டேன். அவளும் புருஷனும் தம்பி வீட்டுக்கு வந்திருந்தார்கள். புருஷன் எழுந்து எனக்கு நாற்காலி போட்டு, தானே போய்த் தேநீர் கொண்டுவந்தார். அவள் சொன்னது சரி, நல்ல ஆள்தான். அவள் கொஞ்சம் பெருத்திருந்தாள். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "இவுரு யாரும்மா? நான் இன்னான்னு கூப்புட்றது?" என்றான்.

அந்த மலையில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு பிள்ளை யாரோடும் ஒரு வார்த்தை பேசாது. பிரதர் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"மாமாடா. எனக்கு அண்ணன்னா உனக்கு மாமாதானே? போ, போய் ஸ்தோத்திரம் சொல்லு."

பையன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. வந்து கும்பிட்டான், பிறகு உரிமையோடு என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். தம்பி எழுந்து, "அண்ணா, சாப்ட்டுத்தான் போவணும்" என்றான். அதுவரை அவனும் என்னைப் பிரதர் என்று கூப்பிட்டவன்தான்.

அத்தனை வருஷம் அந்த மலையில் ஏறி இறங்கி எனக்குக் கிடைக்காத முறை கிடைத்துவிட்டது. இனி அங்கே ஆள் கிடைக்காமல் நாடகமே நின்றுபோவதாக இருந்தாலும், அவள் மரியாளாக நிற்கிற மேடையில் நான் யோசேப்பாக நிற்க முடியாது.