எட்டு ரெசிஸ்டர்கள்

எரிந்துபோகும் எல்.இ.டி. பல்புக்கு ஒரு நாற்றம் உண்டு. சூடான பிளாஸ்டிக்கும் பொசுங்கிய தலைமுடியும் கலந்த மாதிரி மூக்குக்குள் போய் ஒட்டிக்கொள்ளும் அது மற்றவர்களுக்குத் தலைவலியைத் தரலாம், எனக்கோ இன்றைக்கும் வாயெல்லாம் சிரிப்பாக வருகிறது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில் அந்த நாற்றத்தை ஒருமுறை வேண்டுமென்றே வரவழைத்தேன். ஏன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னைக் கெட்டவள் என்று சொல்வதானாலும் தாராளமாகச் சொல்லுங்கள்.

அந்த வருஷங்களில் ஆம்பூரில் விளக்கு வைக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போய்விடும். அப்பா ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன், அம்மாவுக்கு வேலூரில் ஆஸ்பத்திரி வேலை. ஒரு சனிக்கிழமை அம்மாவோடு வேலூருக்குப் போனபோது பஜாரில் ஒரு குட்டி எலக்ட்ரானிக்ஸ் கடையில் வெள்ளை எல்.இ.டி. எரிவதைப் பார்த்தேன். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிசு, அதற்குள் அவ்வளவு வெளிச்சம். கிறிஸ்துமஸுக்குச் சுடிதார் வேண்டாம், இதுதான் வேண்டும் என்று அங்கேயே நின்றுவிட்டேன். "பல்ப இன்னா, உடம்புல மாட்டிக்கினு கோயிலுக்குப் போவியா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாலும் வாங்கித்தான் கொடுத்தாள்.

முதல் மூன்றையும் நேராகப் பேட்டரியில் கொடுத்துக் கருக்கினேன். அடுத்த வாரம் போய் அழாத குறையாகச் சொன்னதும் கடைக்காரர் சிரித்தார். "ரெசிஸ்டர் போடாம குடுத்தியா? கரண்ட் ஜாஸ்தியா பூந்தா மொதல்ல அமர்க்களமா எரியும்மா. கொஞ்ச நேரத்துல நீலமாயி செத்துப் பூடும்." குச்சிக்கு இரண்டு பக்கமும் வால் முளைத்தது போன்ற ரெசிஸ்டர்களைப் பொட்டலம் கட்டித் தந்தார். அந்த வார்த்தைகளை நான் மறக்கவில்லை.

மூன்று மாதம் அதே வேலை. ஷூவுக்குள் அடியில் வைக்கிற அட்டையில் வட்டமாக வெட்டி, பெல்ட்டுக்கு ஓட்டை போடும் அப்பாவின் "பஞ்ச்" வைத்துத் தட்டினால், எல்.இ.டி. அளவெடுத்தது போல் அந்த ஓட்டையில் உட்கார்ந்தது. மொத்தம் இருபத்து நான்கு பல்புகள். மூன்று மூன்றாக எட்டு வரிசை, வரிசைக்கு ஒரு ரெசிஸ்டர், அவற்றை முடுக்க ஒரு திருகு கனெக்டர், எல்லாவற்றையும் அடைக்க ஒரு துண்டு பிவிசி பைப். மெக்கானிக் கடையில் கழித்துப்போட்ட பன்னிரண்டு வோல்ட் பைக் பேட்டரியைத் தோளில் தொங்கவிட, அப்பா கம்பெனி "கட்பீஸ்" தோலில் பை தைத்தார். சிவப்பு நூலில் இரட்டைத் தையல், ஓரத்தில் என் பேரின் முதலெழுத்து. கரண்ட் போன ஒரு மாலையில் மாடியிலிருந்து முதல்முறை போட்டபோது, நான்கு வீடு தள்ளியிருந்த தென்னையின் குலைவரை தெரிந்தது, காக்கைகள் விடிந்துவிட்டதென்று கத்திக்கொண்டு எழும்பின, தெருவே "யார் வூட்டு லைட்டுடா அது!" என்று கூவியது. அப்பா கீழே போய், எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வந்து இன்னொரு தரம் போடச் சொன்னார்.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. அறிவியல் சார் என் லைட்டைப் பார்த்து அசந்துபோனார். அசந்த கையோடு அதைத் தன்னிடம் டியூஷன் படிக்கும் ரூபனிடம் கொடுத்தார். "ரூபன் இங்கிலீஷ்ல நல்லா எக்ஸ்ப்ளெய்ன் பண்ணுவான். நீ ரூம் இருட்டாவறதுக்குப் பின்னாடி நின்னு ஸ்கிரீன் புடிச்சிக்கோ, எஸ்தர்" என்றார். மேஜையில் வைக்கிற பெயரட்டையில் "செய்தவர்" என்ற இடத்தில் அவன் பேர் மட்டும் இருந்தது. அதைக்கூட விழுங்கியிருப்பேன். ஆனால் அப்பா தைத்த பையை இரண்டே விரலால் தூக்கி, "தோல் நாத்தம், இத வூட்டுக்கு எடுத்துட்டுப் போ" என்று பாலிதீன் கவரில் போட்டுக் கொடுத்தார் பாருங்கள், அப்போதுதான் எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்தில் நின்ற ரூபன் மூக்கைப் பிடித்துக் காட்டினான். கவரைத் துணி அலமாரியில் ஒளித்து வைத்தேன்; அப்பா எப்படியோ பார்த்துவிட்டார்.

கண்காட்சி அன்று எல்லோருக்கும் முன்னால் போனேன். டெஸ்டர் திருப்புளியால் கனெக்டரின் திருகுகளைத் தளர்த்தி, எட்டு ரெசிஸ்டர்களையும் உருவி ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டு, அவை இருந்த இடங்களில் வெறும் செம்புக் கம்பியை முடுக்கினேன். நடுவர் சுற்றிவிட்டு எங்களிடம் வருவதற்குள், ரூபன் வகுப்பு வகுப்பாகப் போட்டுக் காட்டிக் கருக்கிவிடுவான், அவர் முன்னால் பேந்தப் பேந்த விழிப்பான் என்பது என் கணக்கு.

கணக்கு கவிழ்ந்தது. நடுவராக வந்த கல்லூரிப் பேராசிரியர் வாசலுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் இருட்டறைக்கே முதலில் வந்துவிட்டார். ரூபன் சுவிட்சைத் தட்டினான். அடப்பாவி, என் வீட்டில் ஒருநாளும் அப்படி எரியாத லைட்டு, சுவரில் இருந்த சுண்ணாம்பு வெடிப்பெல்லாம் தெரிய எரிந்தது. பேராசிரியர் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு "பிரமாதம்!" என்றார். முதல் பரிசு ரூபனுக்கு என்று அங்கேயே குறித்துக்கொண்டு போனார். நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷம் கழித்துத்தான், வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு அவன் பெருமையடித்துக்கொண்டிருக்கையில், வெளிச்சம் நீலமாகி, அந்த நாற்றம் வந்து, இருபத்து நான்கும் வரிசை வரிசையாகச் செத்தன.

பேராசிரியர் குறித்தது குறித்ததுதான்; சாயங்காலம் பரிசைக் கொடுத்து, அடுத்த வாரத்து மாவட்டக் கண்காட்சிக்கும் அவன் பேரை அனுப்பிவிட்டார்கள். தாவரவியல் படித்த சார் கனெக்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் புதுப் பல்புகளை வாங்கிப் போட்டார், எரிந்துபோயின. மறுபடி போட்டார், அவையும் போயின. கண்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம், கரண்ட் இல்லாத நேரத்தில், என் லைட்டைக் கவரில் தூக்கிக்கொண்டு ரூபனும் அவருமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் நான் படித்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் எட்டு ரெசிஸ்டர்களோடு ஜியாமெட்ரி பாக்ஸ் திறந்து கிடந்தது.

"ரெண்டு தடவ மாத்தியாச்சு எஸ்தர், போட்டுக் கொஞ்ச நேரத்துல போய்டுது. இன்னான்னு பாரேன். அட்டையில உன் பேரையும் ரெண்டாவதா சேத்துக்கலாம்" என்றார் சார். அந்த "ரெண்டாவதா" காதில் விழுந்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போயிற்று. "அவன்தானே சார் செஞ்சான், அட்டையில எழுதியிருக்கே. அவனக் கேளுங்க" என்றேன்.

சார் அப்பாவைப் பார்த்தார். வாத்தியார் என்றால் எழுந்து நிற்கிற மனுஷர் என் அப்பா. சரி செய்து கொடு என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் திறந்திருந்த ஜியாமெட்ரி பாக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய்த் துணி அலமாரியிலிருந்து அந்தத் தோல் பையை எடுத்து வந்து சாரின் கண்ணெதிரே ஆணியில் மாட்டினார்.

"பாப்பாக்குத் தெரியாதாம் சார். டீ சாப்புட்டுப் போங்க."

சார் டீ சாப்பிடவில்லை. மாவட்டக் கண்காட்சியில் எங்கள் பள்ளியின் மேஜை காலியாக இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன், அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

அப்பாவின் கம்பெனி மூடிப் பல வருஷமாகிறது. அவரும் இல்லை. பை பூஞ்சை பிடித்து ஒரு மழைக்காலத்தில் போயிற்று. வேலூர்க் கடையில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். கரண்ட் போனால் ஆளாளுக்குப் போனிலேயே லைட்டைத் தட்டிவிடுகிறார்கள், யாரும் "யார் வூட்டு லைட்டு" என்று கேட்பதில்லை.

போன வாரம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய போட்டோ வந்தது. ரூபன் என் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், ஓரத்தில் திரையைப் பிடித்த ஒரு கை மட்டும் தெரிகிறது. ரிட்டயரான சார் கீழே "நம் பள்ளியின் பெருமை" என்று எழுதியிருந்தார், நாற்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள். நான் ஜியாமெட்ரி பாக்ஸைத் தேடி எடுத்து, எட்டு ரெசிஸ்டர்களையும் அதே கையின் உள்ளங்கையில் வைத்துப் படம் பிடித்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் குழுவில் போட்டேன். சார் ஏதோ டைப் செய்வதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது, மறுபடி நின்றது. இன்னும் பதில் வரவில்லை, எனக்கொன்றும் அவசரமில்லை.