ஐந்து முழம் மல்லிகையும் பால் மாவு டின்களும்

பிள்ளைக்குப் பால் கொடுப்பது இருபத்து நான்கு மணி நேர வேலை, இதில் எம்.சி. என்று மருத்துவ விடுப்பு கிடையாது, ஓ.டி. கிடையாது, ஆனால் வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாரும் சூப்பர்வைசர். நெஞ்சில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு ஒரு கையால் போனைப் பிடித்து இதைப் படிக்கும் அம்மாக்களே, ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உங்களுடையது இதைவிடத் தேவலை என்று தோன்றினால் சரி.

கல்

எனக்கு அம்மா இல்லை. அதனால் மலேசியாவில், கிள்ளானில் மாமியார் வீட்டில்தான் பிரசவப் பத்தியம். பன்னிரண்டாம் நாள் காலையில் இடது மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டிருந்தது. அக்குள் பக்கம் சிவந்து, சட்டை உரசினாலே உயிர் போனது. மகள் வாய் வைத்தபோது கால் விரல்கள் மடங்கிக்கொண்டன. குளிர் வேறு தூக்கிப் போட்டது. கிள்ளான் வெயிலில் எனக்கு இரண்டு போர்வை.

என் கணவர் குமரன் காய்ச்சல் பார்த்தார். முப்பத்தொன்பதைத் தாண்டியிருந்தது. வேலைக்குக் கிளம்பி நின்றவர் மணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இன்னைக்கு லீவு போட்டா பாஸ் கத்துவான் லா. சாயங்காலம் வரைக்கும் தாங்குவியா?"

பக்கத்து நாற்காலி

தாங்கினேன். சாயங்காலம் கிளினிக்கில் பார்த்த டாக்டர் பெண் நல்லவள். பால் கட்டிக் கிருமி சேர்ந்துவிட்டது என்று ஆன்டிபயாட்டிக் எழுதினாள். வலித்தாலும் கொடுப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றாள். அந்த ஒரு பேச்சை எல்லாரும் கேட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மருந்துக்குக் காத்திருந்தபோது அழுகை வந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த ஆன்டி டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார். பரவாயில்லையே என்று நான் நினைத்து முடிப்பதற்குள் சொன்னார்: "எனக்கு நாலு பிள்ளைம்மா, ஒரு நாள்கூட வலிச்சதில்ல. நீ ஒழுங்கா சாப்பிடறதில்லன்னு நினைக்கிறேன்."

பூக்கடை

மருந்தில் காய்ச்சல் இறங்கியது, கல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாமியார் வந்து, மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டினால் வீக்கம் வற்றிவிடும், தனக்கும் அப்படித்தான் சரியானது என்றார். அப்போது செங்கல்லை வைத்துக் கட்டச் சொல்லியிருந்தாலும் கட்டியிருப்பேன்.

குமரனுக்கு வேலை பிரிக்பீல்ட்ஸில். அங்கே ஐந்து முழம் வாங்கி, கொமுட்டர் ரயிலில் கசங்காமல் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். எனக்கென்று அவர் பூ வாங்கியது அதுதான் முதல் தடவை. பூக்கடைக்காரர் கேட்டாராம்: "கல்யாண நாளா பாஸ்? சம்சாரம் கொடுத்து வச்சவங்க."

இருபதாம் நாள்

பூ வேலை செய்தது. மாமியார் இரண்டு பக்கமும் கட்டினார், வாடியதும் மாற்றினார். மூன்றே நாளில் கல் கரைந்துவிட்டது. திரும்பக் கட்டிக்கொள்ளுமோ என்று சரத்தை மட்டும் அவிழ்க்கவில்லை. அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அன்றிலிருந்துதான் மகள் அழ ஆரம்பித்தாள். வாய் வைப்பாள், இழுப்பாள், விட்டுவிட்டுக் கத்துவாள். வயிற்று வலி என்று ஓம வாட்டர் கொடுத்தோம். பிள்ளை பசியில் அழுகிறாள் என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

இருபதாம் நாள் அரசாங்க நர்ஸ் மிஸ்ஸி வீட்டுக்குப் பிள்ளையின் எடை பார்க்க வந்தாள். நம் தமிழ்ப் பெண்தான், என்னைவிடச் சின்னவள். தராசில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பத்தாம் நாள் இருந்ததைவிடக் குறைவு. பால் குடிக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். சட்டையைத் திறந்ததும் காய்ந்த சரம் அவள் கையில் வந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, இது பிள்ளை தவறினவங்களுக்கு பால் வத்தறதுக்குக் கட்டறது. உங்க பிள்ளைதான் இங்க இருக்கே."

முப்பது

முப்பதாம் நாள் பெயர் வைத்தோம். பந்திங்கிலிருந்தும் செராஸிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பால் வற்றிய விஷயம் எப்படியோ பரவியிருந்தது, பாதிப் பேர் கையில் பால் மாவு டின். தலையில் மல்லிகை வைத்துவிட வந்த கையை நான் தட்டிவிட்டேன். மாமியார் ஒரு வார்த்தை சொல்லுவார், நான் கட்டியதுதான் காரணம் என்பார் என்று பார்த்தேன். அவர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். குமரனின் சித்திதான் டின்னை நீட்டியபடி சிரித்தார்: "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு ஃபிகர் போயிடும்னு பயம் லா."

சமையலறை

எல்லாரும் போன பிறகு கேட்டே விட்டேன். "அத்தை, அந்தப் பூ எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?" அவர் பால் போத்தலைக் கழுவிக்கொண்டிருந்தார். குமரனுக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை பிறந்ததை அன்றைக்குத்தான் சொன்னார். குமரனுக்கே அது தெரியாது. ஒன்பதாம் நாள் போய்விட்டதாம். அவருக்கும் பால் கட்டிக் காய்ச்சல் வந்திருக்கிறது. யாரோ பூ கட்டியிருக்கிறார்கள்.

ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் நின்றேன். அதற்காக அவர்மேல் இன்னும் கொஞ்சம் கோபம் வந்தது. அவர் போத்தலைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "வலி போனது மட்டும்தான்மா ஞாபகம் இருந்துச்சு. மத்ததெல்லாம் மறக்கணும்னு மறந்துட்டேன்."

மகளுக்கு இப்போது நான்கு மாதம். வலது பக்கம் மட்டும் ஏதோ வேலைக்கு வருகிறது, இடது பக்கம் நிரந்தர ஓய்வில் போய்விட்டது, மீதிக்கு டின் இருக்கிறது, சூப்பர்வைசர்களில் மட்டும் இன்னும் ஒருவர்கூட ராஜினாமா செய்யவில்லை.