சாய்கோடு போட்ட பகுதி

வனத்துறை அலுவலகத்தில் நான் டிரேசராக இருந்தேன். பெரிய வரைபடத்தின் மேல் மெழுகுத்துணியை விரித்து, அடியில் தெரிகிற கோட்டை அப்படியே மையால் இழுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. எண்பதுகளின் நடுவில் ஓர் அதிகாரியை எதிர்த்துப் பேசிவிட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன. போளூரில் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைப் மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் தூக்கி அடித்தார்கள்.

மலையில் சாமை விளையும், புளி விளையும், பலா விளையும். பேச்சுத்துணைதான் விளையாது. பேப்பர் வாங்குகிற கடை ஒன்றே ஒன்று. அதைச் சிலோன்காரர் கடை என்பார்கள். கடைக்காரர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி இங்கே அனுப்பினார்களே, அவர்களில் ஒருவராக எழுபதுகளில் வந்து இறங்கி, எங்கெங்கோ அலைந்து, கடைசியில் இந்த மலையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். வந்த இரண்டாம் வருடமே மனைவி செத்துப்போனாள். ஒரே மகள் அங்கேயே தங்கிவிட்டாள், அவளைக் கட்டியவனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்திருந்ததால். தோட்டத்தில் அடிதடி வந்தபோது அவர்கள் வடக்கே வவுனியா பக்கம் ஓடிப் போய், கொஞ்சம் காணி பிடித்து மிளகாய் போட்டிருந்தார்கள். கையில் ஒரு பெண் குழந்தை வேறு.

பேப்பர் மத்தியான ஜீப்பில் வரும். நேற்றையது, மழை என்றால் முந்தாநாளையது. அந்த நாட்டுச் சண்டையை நாங்கள் இரண்டு பேரும் அதை வைத்துத்தான் படித்தோம். படித்தோம் என்றால் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரியே படித்தோம். பள்ளிக்கூட அட்லஸைப் பார்த்துத் தீவைப் பெரிதாக வரைந்து நான் கடைச் சுவரில் ஒட்டினேன். செய்தியில் ஊர்ப் பேர் வந்தால் சிவப்பு மையில் ஒரு புள்ளி. பேப்பர்காரன் வரைபடம் போட்டிருந்தால் கடைக்காரர் அதை வெட்டிப் பக்கத்தில் ஆணி அடிப்பார். புளி விற்க வந்த மலைக்காரர் ஒருவர் ஒருநாள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னா சார், நம்ம மலை இதுல எங்க கீது?" என்று கேட்டார். இது வேற நாடுய்யா என்று எரிந்து விழுந்தேன். அவர் அசரவில்லை. அப்படியானால் செத்தவர்கள் பேரெல்லாம் நம்ம பேராக இருக்கிறதே என்றார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

எனக்குக் கார்ட்டூன் பைத்தியம் உண்டு. அந்தத் தீவைக் கண்ணீர்த் துளி மாதிரி வரைகிறவர்களைக் கண்டால் மட்டும் பற்றிக்கொண்டு வரும், அதைவிடச் சோம்பேறித்தனம் உண்டா? மற்றபடி நல்லதாக ஒன்று வந்தால் விடமாட்டேன், ஆபீஸ் கத்தரிக்கோலால் ஓரம் பிசகாமல் வெட்டிப் பழைய ரிஜிஸ்டரில் ஒட்டி வைப்பேன். பேச்சுவார்த்தை நடக்கிறது என்று சொன்ன சமயத்தில் ஒன்று வந்தது. மேசைக்கு மேலே கோட்டு போட்ட இருவர் கை குலுக்குகிறார்கள். மேசைக்கு அடியில் இருவர் பூட்சுக் காலும் ஒருத்தன் முதுகின் மேல் இருக்கிறது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. கீழே கிடக்கிறவன் யார் என்று கேட்டார். பொதுமக்கள் என்றேன்.

"அவருக்கு மட்டும் மூஞ்சி போடலியே சார்" என்றார்.

மறுபடியும் பார்த்தேன். ஆமாம், போடவில்லை. அந்தக் கார்ட்டூனையும் கச்சிதமாக வெட்டி எடுத்துக்கொண்டேன். அதன் முதுகுப் பக்கம் ஒரு வரைபடம் இருந்தது. கத்தரிக்கோல் போனது போக மிச்சமிருந்த வரைபடத்தை அவரிடம் கொடுத்தேன், அவர் ஆணி அடித்துக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் மகளிடமிருந்து கடிதம் வந்தது. எத்தனை கை மாறி வந்ததோ, உறை நான்கு பக்கமும் நைந்து போயிருந்தது. ஊரைக் காலி செய்ய வேண்டியிருக்கும் போலத் தெரிகிறது, இரண்டு வழிதான் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். ஒன்று, மேற்கே மன்னார்க் கரைக்குப் போய்ப் படகு பிடித்து இந்தியாவுக்கு வருவது. கடலில் சுடுகிறார்களாம், பிள்ளையை வைத்துக்கொண்டு பயமாக இருக்கிறது. இன்னொன்று, கிழக்கே புருசனின் அண்ணன் காடு வெட்டிக் குடியிருக்கும் இடத்துக்குப் போவது. எங்களுக்கு இங்கே பேப்பர் வராது, உங்களுக்கு அங்கே எல்லாம் தெரியுமாமே, எந்தப் பக்கம் போகட்டும் அப்பா, சீக்கிரம் எழுதுங்கள் என்று முடித்திருந்தாள்.

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னைச் சுவருக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"நீங்க படம் போடுறவரு. எனக்கு இதுல கோடுதான் தெரியுது. எந்தப் பக்கம் போகச் சொல்றது சார்?"

கார்ட்டூனை வெட்டியது போக நான் கொடுத்திருந்த வரைபடத்தில் கிழக்குப் பகுதி முழுக்கச் சாய்கோடு இழுத்திருந்தது. எங்கள் துறையில் நிறம் பூச முடியாத பிரதிகளில் காப்புக்காட்டை அப்படித்தான் காட்டுவோம். நெருக்கமான சாய்கோடு என்றால் அடர்ந்த காடு, குடியிருப்பு இல்லை, ரோடு இல்லை. பத்து வருடமாக அந்தக் கோட்டைத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். காடு என்றால் பட்டாளம் உள்ளே வராது, இந்த மலையில் ரேஞ்சர் ஜீப்பே பாதி தூரத்தில் நின்றுவிடுகிறதே என்று விளக்கம் வேறு கொடுத்தேன். என் கையாலேயே பதில் எழுதினேன். கடல் வேண்டாம், கிழக்கே அண்ணன் வீட்டுக்குப் போங்கள், அது காட்டுப் பகுதி, பாதுகாப்பு. அடியில் அவர் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே திருப்பத்தூர் போகிற ஜீப்பில் கொடுத்தனுப்பினோம்.

மூன்று வாரம் கழித்து லீவில் போளூர் போயிருந்தேன். முடி வெட்டிக்கொள்ளக் கடையில் உட்கார்ந்திருந்தபோது பழைய பேப்பர் கட்டிலிருந்து ஒன்றை உருவினேன். என் கார்ட்டூன். முழுப் பக்கமாக, கத்தரி படாமல் இருந்தது. ஏதோ சிநேகிதனைப் பார்த்த மாதிரி சந்தோஷமாகத் திருப்பினேன். வரைபடத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. நான் வெட்டியபோது கார்ட்டூனோடு ஒட்டிக்கொண்டு போயிருந்த ஓரம் அது. அதில் சாய்கோடு போட்ட ஒரு பெட்டி, எதிரே பொடி எழுத்தில்: ராணுவம் மக்களை வெளியேற்றும் பகுதி.

பாதி வெட்டிய தலையோடு தபால் ஆபீசுக்கு ஓடினேன். அந்தப் பக்கத்துக்குத் தந்தி எடுப்பதில்லை, லைன் இல்லை என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சொன்னார். கெஞ்சினேன், கத்தினேன், அவர் என்ன செய்வார் பாவம். கிழக்கே போகாதே, போயிருந்தால் திரும்பு என்று ஒரு கடிதம் எழுதிப் பதிவுத்தபாலில் போட்டேன். எங்கே போய்ச் சேரும் என்று எனக்கே தெரியும்.

மலைக்குத் திரும்பியதும் நேராகப் போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் ஜீப்பில் வரும்போது நினைத்திருந்தேன். அவர் எனக்கு டீ ஆற்றிக்கொண்டே, இந்நேரம் புள்ள காட்டுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும், பலா மரம் இருந்தால் பசிக்குக் கவலையில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் வரவில்லை. அதிகாரியை எதிர்த்துப் பேசிய வாய். நாளைக்குச் சொல்லலாம் என்று எழுந்தேன். மறுநாளும் அப்படித்தான் எழுந்தேன்.

கடிதம் வரவில்லை. பலா முடிந்து சாமை அறுப்பும் முடிந்தது. கார்ட்டூன் வெட்டுவதை விட்டுவிட்டேன். பேப்பர்காரர்கள் வரைபடத்தைக் குறைத்துக்கொண்டு கட்டை கட்டையாக நிற்க வைத்த படங்கள் போட ஆரம்பித்தார்கள். மாதத்துக்கு ஒரு கட்டை. சாவு கூடக்கூடக் கட்டை உயரும். எந்த ஊர் என்றுகூட இருக்காது.

ஒரு மத்தியானம் அவர் அப்படி ஒரு படத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். இருப்பதிலேயே உயரமாக நின்ற கட்டையின் மேல் விரலை வைத்தார். டீக்கறை ஏறிய விரல். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். எங்கள் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மாதத்துக்கு அடுத்த மாதம்.

"இந்தக் கட்டைக்குள்ள என் புள்ள இருக்கா சார்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மேற்கே என்று எழுதியிருந்தால் ஒருவேளை படகு கரை சேர்ந்திருக்கும், ஒருவேளை சேர்ந்திருக்காது. ஆனால் கிழக்கே என்று எழுதியது என் கை. அந்தத் தாளைப் பார்த்தேன். கட்டை முழுக்கக் கறுப்பு மை.

"இல்லீங்க" என்றேன். "அவங்க காட்டுல கீறாங்க."

அவர் தலையாட்டினார். படம் போடுகிறவன் சொல்லிவிட்டான் என்ற நம்பிக்கையோடு அடுப்பைப் பார்க்கப் போனார்.