கிறகோரி வெட்டிய சிலுவை

கிறகோரிக்குத் தியாகராசா கொடுக்கவேண்டியிருந்த கடன் ஆயிரத்து எண்ணூறு ரூபா. கைமாற்றும் அல்ல, வட்டிக் காசும் அல்ல. ஒருவனுடைய கைப்புத்திக்கு உரிய பங்கு.

தியாகராசா நாலாம் வகுப்போடு சிலேற்றை வைத்துவிட்டு இரும்பைத் தூக்கியவர். தகப்பன் விட்டுப்போன காணி ஒரு பரப்புக்கூட இல்லை. தெல்லிப்பழையில் பட்டறை, கல்வீடு, இரண்டு மகள்மாருக்குச் சீதனம், எல்லாம் அந்தப் பத்து விரலால் வந்தவை. குடைக் கம்பியை வளைத்து வெங்காயப் பாத்திக்குக் களைகொத்தி செய்தவர் அவர். அப்படியொன்றை எந்த எஞ்சினியர் செய்தான்? தொண்ணூறாம் ஆண்டு ஷெல்லடிக்குள் ஊரே ஏழாலைப் பக்கம் ஓடியபோது, அவருடைய சைக்கிள் கரியரில் சட்டி பானை இருக்கவில்லை. பழைய மிஷன் தோட்டத்துக் கிணற்றடியில் கிடந்த வார்ப்பிரும்புச் சில்லு ஒன்று, பழைய கைப்பம்பின் பற்சக்கரம், இருந்தது.

“அம்மியை விட்டிட்டு உந்தக் கறள் பிடிச்ச இரும்பையோ கட்டிக்கொண்டு வந்தனீங்கள்?” என்று மனைவி பாலேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள்.

“பொறு. உது உனக்குச் சோறு போடும்.”

சில்லின் விளிம்பில் ஆங்கில எழுத்துகள் புடைத்து நின்றன. அயலில் இருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் செல்வரட்ணம் கண்ணாடியை ஏற்றிப் போட்டு வாசித்தார்.

“அமெரிக்கச் சாமான். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்பதாம் ஆண்டு. பேற்றன்ற் எண்டு கிடக்கு.”

“அதென்ன?”

“அந்தக் காலத்திலை அங்கை மண்வெட்டிப் பிடிக்கும் வாளிக் கைபிடிக்கும்கூடப் படம் கீறி அரசாங்கத்துக்கு அனுப்புவாங்கள். கண்டுபிடிச்சவன் பேரிலை பதிஞ்சால், பதினேழு வருஷத்துக்கு வேறை ஒருத்தனும் அதைச் செய்யேலாது. செய்தால் பங்கு குடுக்கவேணும்.”

“நான் அங்கை பிறந்திருந்தால் என்ரை பேரிலை ஒரு பத்துப் பேற்றன்ற் இருந்திருக்கும்.”

“பத்தென்ன, உம்மடை வாய்க்கே தனியா ஒண்டு தந்திருப்பாங்கள்.”

சில்லைச் சுழற்றினால், ரப்பர் வட்டுகள் கோத்த சங்கிலி குழாய்க்குள்ளால் ஏறித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். மண்ணெண்ணெய் பொன் விலை விற்ற காலம் அது. தோட்டத்துப் பம்புகள் எல்லாம் சாக்கால் மூடிக் கிடந்தன. இந்தச் சில்லைப்போல அலுமினியத்தில் வார்த்தால் விவசாயி தப்புவான் என்று தியாகராசாவுக்குத்தான் தோன்றியது. ஏழாலையிலேயே உலை மூட்டினார். ஆனால் பழைய சில்லில் இரண்டு பல் உடைந்திருந்தது. வார்ப்பு மண்ணில் பதிப்பதற்குப் புதிதாய் ஒரு மர அச்சு வேண்டும்.

கொழும்புத்துறையிலிருந்து வள்ளம் கட்டும் தச்சன், ஓடாவி கிறகோரி வந்தான். கடலுக்குப் போகத் தடை. வள்ளம் கட்டக் கேட்பார் இல்லை. வேப்பம் பலகையில் பல் பல்லாக வெட்டினான். சீமைச் சாமான் என்றால்தான் சனம் வாங்கும் என்று தியாகராசா சொன்னபடியால் அந்த எழுத்துகளையும் வெட்டினான். கடைசியில் சில்லின் மையக் குடத்தின் நடுவே சின்னச் சிலுவை ஒன்றைக் குழித்தான். புது வள்ளம் தண்ணீரில் இறங்குமுன் முன்பக்க அணியத்தில் வெட்டுவானே, அதே சிலுவை.

“அண்ணை, எழுத்தை வெட்டியாச்சு. இந்த எழுத்துக்குப் பங்கு குடுக்கவேணும் எண்டு தபாலதிபர் சொன்னாராமே?”

“அந்த வெள்ளைக்காரன் செத்து மண்ணாயிருப்பான்.”

“அவன் செத்தால் என்ன? நான் இருக்கிறன்தானே. அச்சு என்ரை கை.”

சில்லொன்றுக்கு ஐம்பது ரூபா என்று பேச்சு முடிந்தது. முதல் பத்துக்கும் தியாகராசா ஒழுங்காகக் கொடுத்தார். பிறகு சனம் ‘தியாகராசா பம்பு’ என்று சொல்லத் தொடங்கியது. அந்தப் பேர் காதில் ஏற ஏற, ஐம்பது ரூபா கையைவிட்டு இறங்க மறுத்தது. இரும்பைக் கண்டெடுத்தவன் நான், உலை என்னுடையது, இவனுக்கு என்ன பங்கு? கிறகோரி கேட்கும்போதெல்லாம், “வாற கிழமை” என்றார். அப்படி முப்பத்தாறு சில்லின் பங்கு நின்றுபோனது.

தொண்ணூற்று மூன்றில் ஒருநாள், “வலை வாங்கவேணும் அண்ணை, இண்டைக்கெண்டாலும் தாங்கோ” என்று வந்து நின்றான்.

“வாற கிழமை, கிறகோரி.”

அந்தக் கிழமையின் ஏழு நாளும் முடியுமுன் அவன் யாரோ ஒருவருடைய வள்ளத்தில் களவாகத் தொழிலுக்குப் போனான். வள்ளமும் கரை சேரவில்லை, ஆளும் சேரவில்லை.

கிறகோரியின் செத்தவீட்டுக்குத் தியாகராசா போகவில்லை. உடல் கிடைக்காததால் செத்தவீடே நடக்கவில்லை. சில மாதம் கழித்து அவர் அச்சிலிருந்த ஆங்கில எழுத்துகளைச் சீவி எறிந்தார். தகரத்தில் தன் பேரை வெட்டி ஒட்டினார். சிலுவைக் குழியைத் தேன்மெழுகால் அடைத்தார். வார்த்து, ஆறவிட்டு, மண்ணை உடைத்தார்.

அவருடைய பேர் விழவில்லை. அந்த இடம் வழுவழுவென்று கிடந்தது. குடத்தின் நடுவே சிலுவை கூராகக் குழிந்து கிடந்தது.

“மண் சூடாயிருந்திருக்கும், மெழுகு உருகியிருக்கும்” என்றாள் பாலேஸ்வரி.

அவருக்குத் தெரியாததா? மெழுகு உருகினதும் தெரியும், மெல்லிய எழுத்துக்குள் உலோகம் ஓடாததும் தெரியும். தெரிந்தும் சில்லைச் சாக்கால் மூடினார். அந்தச் சில்லை விற்க மனம் வரவில்லை. உச்சி வெயிலில் அயல் தோட்டங்களில் கைபிடி சுற்றும் சத்தம் வந்தது. தான் வார்த்த சில்லுகள். முன்பு அது அவருக்கு நாதஸ்வரம். இப்போது அவை ஒவ்வொன்றும், வாற கிழமை, வாற கிழமை என்று கிறீச்சிட்டன. காதில் பஞ்சு வைத்தார். பஞ்சுக்குள்ளும் கேட்டது.

ஒரு கிழமைதான் தாங்கினார். காசை மடியில் முடிந்து, சில்லைக் கரியரில் கட்டி, கொழும்புத்துறைக்குச் சைக்கிளை மிதித்தார்.

கிறகோரியின் மனைவி அருமைநாயகி முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தவில்லை. கொடியில் கிறகோரி உடுக்கும் சாரம் தோய்த்துக் காயப் போட்டிருந்தது.

“தங்கச்சி, இது கிறகோரியின்ரை காசு. ஆயிரத்து எண்ணூறு.”

அவள் நிமிரவில்லை. “அவரின்ரை காசை அவர் வந்து வாங்குவார், அண்ணை.”

“இல்லைப் பிள்ளை…”

“நான் கைநீட்டினால் அவர் இல்லையெண்டாகும். கோயில் சுவாமியார், செத்தவருக்குரிய பூசை வைப்பமெண்டு கேட்டவர். அவருக்கே நான் ஓமெண்டேல்லை. நீங்கள் கொண்டுபோங்கோ.”

தியாகராசாவின் காசை ஒருவர் வேண்டாமென்றது அவருடைய ஆயுளில் அதுதான் முதல் தடவை. திரும்பினால் அந்தச் சத்தத்துக்குள்தான் போகவேண்டும். அவர் கயிற்றை அவிழ்த்து, சில்லை அவளுக்கு முன்னால் வைத்தார்.

அவள் ஊசியைக் கீழே போட்டாள். பெருவிரலால் சிலுவையை மெல்லத் தடவினாள்.

“இது அவர் போடுறது. எப்ப வார்த்தது?”

“போன கிழமை.”

“நீங்கள் போடச் சொன்னனீங்களோ?”

“இல்லை. நான் அடைச்சனான். அடைச்சும் வந்தது.”

கடல் பக்கத்திலிருந்து சோளகக் காற்று வீசியது. கொடியில் சாரம் நிறைந்து ஆடியது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“அப்ப அவர் வேலைக்கு வாறார்.”

தியாகராசா ஒருமுறை சிலுவையைப் பார்த்தார். ஓம் என்று தலையாட்டினார்.

“வேலைக்கு வாறவரின்ரை கூலியைப் பெண்சாதி வாங்கலாம். இதுக்கும் சேர்த்துத் தாங்கோ.”

அவள் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். மடியை அவிழ்த்து, நோட்டு நோட்டாக, வாய்விட்டு எண்ணி வைத்தார். ஆயிரத்து எண்ணூறு முடிந்ததும் சட்டைப் பையைத் துழாவி, இன்னொரு ஐம்பது ரூபாவை எடுத்து அதன்மேல் வைத்தார்.