ரெஜினா காரோட்டி வந்த சனிக்கிழமை

செவ்வாய்க்கிழமை காலை, பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் கம்பெனி கேப் ஊர்ந்துகொண்டிருந்தபோது எங்கள் டீம் குரூப்பில் அந்தச் செய்தி வந்தது. ரெஜினா இறந்துவிட்டார். விடிகாலையில் நெஞ்சுவலி, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். நாற்பத்து நான்கு வயது. முந்தின நாள் மாலைதான் என் ரிப்போர்ட்டில் இரண்டு தவறுகளைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியிருந்தார். அவற்றை நான் இன்னும் திருத்தியிருக்கவில்லை.

அவர் எப்படிப்பட்ட மேலாளர் என்று அவரோடு வேலை செய்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீட்டிங்கில் யாராவது "எல்லாம் நல்லா போகுது" என்றால் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்குவார். "எது நல்லா போகலைன்னு முதல்ல சொல்லுங்க" என்பார். எனக்கு அவரிடம் பயம். உண்மையைச் சொன்னால், அப்போது பிடிக்கவும் பிடிக்காது. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை அது மாறியது.

என் மகள் பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவள் மார்பில் வாய் வைத்த நொடியில் கண்ணாடிச் சில்லால் கீறுவதுபோல் வலிக்கும். இரண்டு காம்புகளும் வெடித்து ரத்தம் கசிந்தது. அவள் சிணுங்கினாலே என் தோள்கள் இறுகிக்கொள்ளும். பெற்ற குழந்தையின் அழுகைக்குப் பயப்படுகிறோமே என்று வெட்கமாக இருக்கும். வாணியம்பாடியிலிருந்து வந்திருந்த அம்மா, "முதல் குழந்தைக்கு அப்படித்தாம்மா இருக்கும். நாலு நாள் பல்லைக் கடிச்சுக்கோ" என்றார். என் கணவர் பிரபு வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தலையணையை மாற்றி மாற்றி வைத்தார். குழந்தை ஐந்து நிமிடம் சப்பும், வாய் நழுவும், வீறிடும், மறுபடி சப்பும். எட்டாவது நாளிலிருந்து அழுகை குறைந்தது. நன்றாகத் தூங்குகிறாள் என்று நாங்கள் நிம்மதி அடைந்தோம்.

சனிக்கிழமை காலை, பிரபு வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, பத்து மணிக்கு ரெஜினா போன் செய்தார். ஏதோ ஒரு ஃபைல் எங்கே இருக்கிறது என்று கேட்கத்தான். சொன்னேன்.

"பாப்பா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா."

"நீ?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் சமாதானம் சொல்லவில்லை. நான் ஓயும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"நேத்து காலையில இருந்து எத்தனை தடவை யூரின் போனா?"

யோசித்தேன். "ரெண்டு தடவை."

"கலர்?"

"கொஞ்சம் ஆரஞ்சா இருந்துச்சு."

"இப்ப என்ன பண்றா?"

"தூங்கறா. தூங்கிட்டேதான் இருக்கா."

"எழுப்பு கவிதா. நான் கிளம்பறேன்."

ஆடுகோடியில் இருந்த தன் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். வீட்டுச் செருப்பு, வாராத தலை. அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. அதற்குள் ஈரத் துணியால் பாதத்தைத் துடைத்தும் குழந்தை சரியாகக் கண் திறக்கவில்லை. அம்மா வாசலை மறித்தார். "பதினோரு நாள்கூட ஆகல. பச்சப் புள்ளய வெளிய எடுக்கறதா?"

"திட்டுங்கம்மா, வாங்கிக்கறேன்" என்றார் ரெஜினா. "ஆனா வண்டியில உக்காந்துட்டுத் திட்டுங்க."

ஓசூர் ரோட்டில் ஒவ்வொரு சிக்னலிலும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். அம்மா திட்டவில்லை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு முணுமுணுவென்று வேண்டிக்கொண்டிருந்தார். "ஒண்ணும் ஆகாதில்ல?" என்று ரெஜினாவிடம் கேட்டேன். பார்வையை ரோட்டிலிருந்து எடுக்காமல் சொன்னார்: "தெரியல. எனக்கும் பயமாத்தான் இருக்கு." அந்தப் பதிலைக் கேட்டதும் ஏனோ எனக்கு மூச்சு விட முடிந்தது. அதுவரை அந்தப் பயத்தோடு நான் மட்டும்தான் இருந்தேன்.

மருத்துவமனைத் தராசில், பிறந்தபோது இருந்ததைவிட நானூறு கிராம் குறைந்திருந்தாள். உடம்பில் நீர் குறைந்துவிட்டது, உடனே சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர். குழந்தையின் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தார். நாக்கின் அடியிலிருந்த சவ்வு குட்டையாக இருந்தது. நாக்கை நீட்ட முடியாமல்தான் காம்பின் நுனியை மட்டும் கவ்வியிருக்கிறாள். இப்போதைக்குப் பாலைப் பீய்ச்சிப் பாலாடைச் சங்கில் கொடுங்கள், போதாததற்குப் பவுடர் பால் கொடுங்கள் என்றார்.

"பவுடர் பாலா?" என்றேன். தோற்றுவிட்டதுபோல் இருந்தது.

"முதல்ல அவ வயிறு நிறையட்டும்" என்றார் ரெஜினா. "நீ நல்ல அம்மாவா இல்லையான்னு அப்புறம் பாத்துக்கலாம்."

பாலாடை காலியானது. குழந்தை உதட்டைச் சப்புக்கொட்டி இன்னும் கேட்டு அழுதாள். இரண்டு நாளாகக் கேட்காத உரத்த அழுகை. அம்மா சுவரில் சாய்ந்து நின்று, தானும் அழுதார்.

வராந்தா பெஞ்சில் ரெஜினா தன் கதையைச் சொன்னார். அவருடைய மகள் ஏஞ்சலினுக்கும் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இதேதான் நடந்திருக்கிறது. "யார் கேட்டாலும் நல்லா குடிக்கறான்னு சொன்னேன். என்னால முடியலன்னு சொல்ல வெட்கம். பத்தாவது நாள் ஃபிட்ஸ் வந்துருச்சு. அஞ்சு நாள் ஐசியு. பொழச்சுட்டா. ஆனா அந்த 'நல்லா'வை நான் இன்னும் மன்னிக்கல."

எங்கள் குழந்தைக்குத் திங்கட்கிழமை அந்தச் சவ்வை வெட்டிவிட்டார்கள். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. வாய் அகலத் திறக்கும்வரை பொறுத்து, மோவாய் மார்பில் பதிய அணைக்க வேண்டும் என்று ஒரு நர்ஸ் கன்னடத்தில் சொல்லிக்கொடுத்தார். நானும் குழந்தையும் அதைப் பழக மூன்று வாரம் ஆனது. நடுவில் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. ரெஜினா தினமும் போன் செய்வார். "இன்னைக்கு வலி எப்படி?" என்பதோடு சரி. ஒரு நாள், "வலிக்கல" என்றேன். "நிஜமாவா?" என்றார். "நிஜமா" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட்டார்.

போன மாதம் லிஃப்ட் வாசலில் அவர் இடது தோளைப் பிடித்தபடி நின்றிருந்தார். "என்ன ஆச்சு?" என்றேன். "ஒண்ணுமில்ல, ராத்திரி படுத்தது சரியில்ல." சரி என்று நகர்ந்துவிட்டேன். அவர் என்னிடம் கேட்டதில் ஒரு கேள்வியைக்கூட நான் அவரிடம் கேட்கவில்லை.

அடக்கத்துக்கு முன், சர்ச்சின் பக்கவாட்டுப் படியில் ஏஞ்சலின் தனியாக உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வயது. வருகிறவர்கள் எல்லோரும் "தைரியமா இரு" என்று தலையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள், "ஆன்ட்டி, பயமா இருக்கு" என்றாள்.

பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எனக்கும்தாம்மா" என்றேன். அவள் என் பக்கம் நகர்ந்து, தோளில் முகத்தை வைத்து, அன்று முதல் முறையாக வாய்விட்டு அழுதாள். ரெஜினாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அன்று காரில் அவர் சொன்ன அந்தப் பதில்தான்.