பக்கத்துக் கட்டில் குழந்தை

"மொதல்ல புள்ளைக்குப் பால் குடும்மா. தக்காளி எங்கியும் ஓடிப் போவாது" என்று சொல்லிக் கூறு கட்டுவதை நிறுத்திவிட்டார் அன்னக்கிளி. வாங்க வந்த தெலுங்குப் பெண் திருதிருவென்று விழித்தாள். இவர் விடவில்லை. காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவளை உட்காரவைத்து, மறைப்பாகத் தானே முன்னால் நின்றுகொண்டார். போவன்பள்ளி மார்க்கெட்டில் எங்கே குழந்தை அழுதாலும் இவர் கடையில் வியாபாரம் நின்றுவிடும்.

அறுபத்தைந்து வயது இருக்கும். மண்டியில் கழித்துப் போடும் கனிந்த தக்காளியை வாங்கி வெளியே விற்கிறார். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்தத் தெலுங்குச் சீமைக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவர். யாராவது பேரம் பேசினால், வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் உருதுவில் "நக்கோ" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். வாடிக்கையாக வாங்கும் என் பையில் மட்டும் அழுகலைக் கலந்துவிட்டு, கேட்டால் ஆமாம் என்று தலையாட்டி, "ஹவ், ரசத்துக்கு அதான் சார் ருசி" என்பார்.

பத்தொன்பது வயதில், கல்யாணமாகாமல் வயிற்றுப் பிள்ளையோடு நின்றவரை அப்பாவே அல்வால் பக்கம் இப்படிப்பட்ட பெண்களுக்காக இருந்த ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டார். அங்கே ஒரு ஏற்பாடு. பெற்றவள் தன் குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது. பாசம் ஒட்டிக்கொண்டால் தத்துக் கொடுக்கும்போது ரகளை செய்வாளாம். ஆனால் பால் வீணாகலாமா? ஒருத்தியின் குழந்தையை இன்னொருத்தி மடியில் போட்டார்கள். இப்படியும் ஒரு மூளை யோசித்திருக்கிறது.

அன்னக்கிளிக்குப் பிறந்தது பையன். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. மடியில் விழுந்தது பக்கத்துக் கட்டில்காரி பெற்ற பெண் குழந்தை. பிறகு எல்லாக் குழந்தைகளையும் எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். இவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

அந்த விடுதியைப் பற்றி இப்போதுதான் விசாரணை நடக்கிறது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. விசாரணைக் கமிட்டியின் வக்கீல் ரஞ்சனா, பையனைத் தேட ஏதாவது அடையாளம் உண்டா என்று கேட்டிருக்கிறார்.

"நான் பால் குடுத்த அந்தப் பொண்ணைப் பத்திக் கேளு, சொல்றேன்" என்றார் அன்னக்கிளி என்னிடம். "என் சுண்டுவெரலைப் புடிச்சிக்கினே குடிக்கும். பாதியில தூங்கிடும், உள்ளங்காலைச் சொரண்டினா மறுபடி குடிக்கும். பெத்த புள்ளையப் பத்தி இன்னா சொல்றது? செவுத்துக்கு அந்தாண்ட அத்தினி புள்ளைங்க அழுவுதுங்க. அதுல எது என்னுதுன்னு தெரியலியே, சார்."

அடுத்த விசாரணைக்குத் துணையாக நானும் போனேன். வராந்தா பெஞ்சில் அதே காலத்தில் அந்த விடுதியில் இருந்த பெண்கள் பலர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அன்னக்கிளி ஒவ்வொருவராகப் போய்க் கேட்டார்: "நீ யாருக்குப் பால் குடுத்தே? பையனா, பொண்ணா?"

பலர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். லோத்குண்டாவிலிருந்து வந்திருந்த ஸ்டெல்லா என்பவர் மட்டும் பதில் சொன்னார்.

"பையன்க்கா. யார் பெத்ததுன்னு எனக்குத் தெரியாது. உங்களுதுன்னு சொல்லிட முடியாது."

"தெரியும். பசியோட தூங்கலியே?"

"இல்லக்கா. வயிறு நெறஞ்சா சிரிப்பான்."

அன்னக்கிளி குனிந்து, அத்தனை பேர் நடுவில், ஸ்டெல்லாவின் மார்பில் உள்ளங்கையை வைத்தார். விசாரணை அறைக்குள்ளிருந்து அன்னக்கிளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கையை எடுக்கவில்லை.